கம்போடியாவுக்குப் போகட்டுமா, அம்மா?

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த மகள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நம்ம கோவில் இளைஞர் குழுவிலேருந்து கம்போடியாவுக்கு ஆள் அனுப்புறாங்க. அங்கே ஏழைப் பிள்ளைங்க, நடக்க முடியாத பிள்ளைங்க தங்கிப் படிக்கிற இல்லத்துல ஆறு மாசம் கூடமாட ஒத்தாசை செய்யணுமாம். நான் போகட்டுமா?" என்று கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கையிலிருக்கும் அகப்பை அப்படியே நின்றுவிடும். அப்பாவோ பதில் சொல்லாமல் வெளியே எழுந்து போய்விடுவார். பாட்டி இருக்கும் வீடாக இருந்தால், அன்றைக்கு ஒரு பாட்டம் அழுகையும் உண்டு.

அந்தப் பயத்தை அசட்டுப் பயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. கம்போடியா என்றாலே நம் வீடுகளில் 2022-ஆம் ஆண்டுச் செய்திகள்தான் நினைவுக்கு வருகின்றன. நல்ல சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்ட மலேசிய இளைஞர்கள் அங்கே பூட்டிய கட்டடங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். தொலைபேசியிலும் கணினியிலும் அப்பாவிகளை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையைச் செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். பலர் மீட்டுக் கொண்டுவரப்பட்டதைப் பத்திரிகையில் படித்தோம். பிள்ளையைப் பெற்றவர்கள் அதை எப்படி மறப்பார்கள்?

ஆனால் அன்பான பெற்றோர்களே, அதே நாட்டுக்கு முற்றிலும் வேறு காரணத்துக்காகப் போய்வரும் இளைஞர்களும் பல ஆண்டுகளாகவே இருக்கிறார்கள். இந்த இரண்டு பயணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எதற்குமே விடமாட்டேன் என்பது ஒரு பிழை. "கோவில்காரர்கள்தானே கூட்டிப் போகிறார்கள்" என்று ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிவிடுவது அதைவிடப் பெரிய பிழை. கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தாலும் சரி, சினேகிதிகளோடு சேர்ந்துகொண்டு பிள்ளை ஆசைப்படும் இந்துக் குடும்பமாக இருந்தாலும் சரி, இந்தப் பேச்சு எழுந்த வீட்டில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

மண்ணுக்குள் இருந்த எமன்

அங்கோர் வாட் கோவிலைப் படத்தில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டிய கோவில் அது. அந்தப் பெருமையை மட்டும் தெரிந்துகொண்டு, பிறகு நடந்ததைத் தெரியாமல் இருந்தால், அங்குள்ள பிள்ளைகளின் நிலைமை நமக்கு விளங்காது.

1975 ஏப்ரல் 17-ஆம் நாள் கெமர் ரூஜ் படையினர் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தார்கள். மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைக்கூட விடாமல் நகர மக்கள் அத்தனை பேரையும் வயல்காட்டுக்கு விரட்டினார்கள். பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. படித்தவர்கள், ஆசிரியர்கள், புத்த பிக்குகள் எல்லாரும் எதிரிகளாக எண்ணப்பட்டார்கள். புனோம் பென்னில் இருந்த கத்தோலிக்கப் பேராலயம் அடியோடு இடித்துத் தள்ளப்பட்டது. 1979 ஜனவரி 7-ஆம் நாள் அந்த ஆட்சி விழுவதற்குள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர்கள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை இருக்கும் என்கிறார்கள். அந்த நாட்டின் அன்றைய மக்கள் தொகையே 80 லட்சத்துக்குச் சற்றுக் கீழேதான்!

அதோடு தீர்ந்ததா? இல்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் உள்நாட்டுச் சண்டை நடந்தது. சண்டை போட்ட எல்லாத் தரப்பும் கண்ணிவெடிகளைப் புதைத்தன. சண்டை முடிந்து படை வீடு திரும்பலாம், கண்ணிவெடி திரும்புமா? அது மண்ணுக்குள்ளேயே படுத்துக் கிடந்து, விறகு பொறுக்கப் போன தாயையும் மாடு மேய்க்கப் போன பையனையும் பிடித்தது. 1979 தொடங்கி இன்று வரை ஏறக்குறைய 65,000 பேர் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் மாண்டோ காயம்பட்டோ இருக்கிறார்கள். 1996-ஆம் ஆண்டில் மட்டும் 4,000 பேருக்கு மேல் அகப்பட்டார்கள். வெடிகளைத் தோண்டி எடுக்கும் வேலை விடாமல் நடந்ததால் அண்மை ஆண்டுகளில் அந்தக் கணக்கு நூற்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

நாட்டை விட்டு ஓடியவர்கள் தாய்லாந்து எல்லையில் முகாம்களில் கிடந்தார்கள். 1992-லும் 1993-லும் முகாம்களை மூடியபோது அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் அதிகம். முகாமிலேயே பிறந்து, கெமர் மண்ணை மிதித்திராத பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர்.

அந்த முகாம்களுக்குத்தான் சேசு சபைத் துறவிகள் போனார்கள். அந்தச் சபையின் தலைவராயிருந்த பேத்ரோ அருப்பே என்பவர் 1980-ல் அகதிகளுக்கென்று ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். அருப்பே யார் தெரியுமா? 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்நகரின் ஓரத்தில் இருந்த மடத்தில் இருந்தவர். குரு மாணவர்கள் தங்கியிருந்த அந்த மடத்தையே ஆஸ்பத்திரியாக்கி, தாம் முன்பு படித்த வைத்தியப் படிப்பைக் கொண்டு, வெந்த உடம்புகளுக்கு மருந்து போட்டவர்.

1985-ல் ஸ்பெயின் நாட்டிலிருந்து எண்ரிக்கே ஃபிகரேதோ என்ற இளைஞர் அந்த முகாம்களுக்கு வந்தார். அப்போது அவர் குருவாகக்கூட ஆகவில்லை. சேசு சபையில் படித்துக்கொண்டிருந்த மாணவர். வயது 26 இருக்கும். கண்ணிவெடியால் கால் போனவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் வேலை அவருக்கு. சில காலம் இருந்துவிட்டுப் போக வந்தவர், மக்கள் ஊர் திரும்பியபோது அவர்களோடேயே கம்போடியாவுக்குப் போய்விட்டார். 2000-ஆம் ஆண்டில் பட்டாம்பாங் பகுதித் திருச்சபைக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். 'சக்கர நாற்காலி ஆயர்' என்பது அவருக்கு அமைந்த பெயர். பட்டாம்பாங்கில் அருப்பேயின் பெயரிலேயே அமைந்த இல்லத்தில் தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். வெடியில் கால் போனவர்கள், போலியோவால் கால் சூம்பியவர்கள், பிறவியிலேயே நடக்க முடியாதவர்கள் என்று எல்லாரும் அங்கே உண்டு.

அந்தச் சக்கர நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கும் இரும்பு நாற்காலி பளிங்குத் தரைக்கு ஏற்றது. வயல் வரப்பிலும் சேற்றிலும் அது உருளாது. நம் தோட்டத்து மண் சாலையில் மழை நாளில் அதைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புனோம் பென்னுக்கு அருகே சேசு சபையினர் 1991-ல் தொடங்கிய தொழிற்பள்ளியில் மரத்தால் ஆன, மூன்று சக்கரம் வைத்த நாற்காலிகளைச் செய்தார்கள். செய்தவர்களும் கால் இழந்தவர்களே. உள்ளூர் மரம், உள்ளூர் கை. உடைந்தால் உள்ளூரிலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி நாற்காலி செய்தவர்களில் ஒருவர் துன் சன்னரெத். 1982-ல் கண்ணிவெடியால் இரண்டு கால்களையும் இழந்தவர். கண்ணிவெடிகளை ஒழிக்கப் பாடுபட்ட உலக இயக்கத்துக்கு 1997-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது, இயக்கத்தின் சார்பில் ஒஸ்லோ நகர மேடைக்குச் சக்கர நாற்காலியில் போய் அதைப் பெற்றுக்கொண்டவர் அவரே.

இவ்வளவையும் ஏன் சொல்கிறோம் என்றால், உங்கள் மகள் போக ஆசைப்படும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அல்லர். வருடக்கணக்காக இருப்பவர்கள். அந்த நாட்டு மக்களே அங்கு ஆசிரியர்கள், அந்த நாட்டு மக்களே தொழிலாளர்கள். இளைஞர்கள் அவர்களுக்குக் கைகொடுக்கப் போகிறார்கள்.

நம்மைத் தேடி வந்தவர்கள்

ஊரை விட்டுப் பிற நாட்டுப் பிள்ளைகளுக்காகப் போவது நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு காலத்தில் நம் கரைக்கு அப்படி வந்தவர்கள் உண்டு. 1852-ல் குழந்தை சேசு சபைக் கன்னியர்கள் பிரான்சிலிருந்து கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். தலைவியாகப் புறப்பட்டவர் வழியில் கடலிலேயே காலமானார். அப்படியும் மற்றவர்கள் திரும்பிப் போகவில்லை. 1854-ல் சிங்கப்பூருக்கும் போனார்கள். அங்கே விக்டோரியா தெருக் கான்வென்ட் வாசலில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போகப்பட்ட பச்சைக் குழந்தைகளை அவர்கள் எடுத்து வளர்த்த கதை சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வாசலுக்கு நம்பிக்கை வாசல் என்றே பெயர்.

பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்களும் அப்படியே வந்தவர்கள்தான். அவர்களில் சிலர் தமிழ் படித்து, தோட்டம் தோட்டமாகப் போய்த் தமிழில் பூசை செய்தார்கள். பாகான் செராய்ப் பக்கம் சூசைபாளையம் என்ற தமிழ்ப் பெயரோடு ஒரு குடியிருப்பு அமைந்ததே, அது அவர்கள் காலத்துக் காரியம். அதே பாரிஸ் சபை 2003 முதல், துறவிகளாக அல்லாத சாதாரண இளைஞர்களையும் தொண்டர்களாக ஆசிய நாடுகளுக்கு அனுப்பி வருகிறது.

ஒரு வேடிக்கையான செய்தியும் உண்டு. பினாங்கில் 1808 முதல் இருந்து வரும் குருமடத்துக்கும் கம்போடியாவுக்கும் பழைய உறவு. 1665-ல் சயாம் நாட்டு அயோத்தியாவில் தொடங்கப்பட்ட அந்த மடம், பர்மியர் படையெடுப்புக்குத் தப்பி, அன்று கம்போடிய மன்னருக்கு உட்பட்டிருந்த கடற்கரைப் பகுதி ஒன்றுக்குப் போனது. அங்கும் தாக்குதல் வரவே, நம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில் சில ஆண்டுகள் நடந்தது. அதன் பிறகுதான் பினாங்கு. சயாம், கம்போடியா, புதுவை, பினாங்கு என்று அந்த மடமே அகதியாய் அலைந்திருக்கிறது பார்த்தீர்களா?

இளைஞர்களையே இளைஞர்களிடம் அனுப்புவது என்ற எண்ணத்துக்குப் பெரிதும் காரணமானவர் தொன் போஸ்கோ என்று சொல்லலாம். இத்தாலியில் 1815-ல் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயதிலேயே தகப்பனை இழந்தார். தூரின் நகரில் குருவாக இருந்தபோது, வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்து தெருவில் திரிந்த பையன்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு முதலில் பிரசங்கம் வைக்கவில்லை; விளையாட இடம் தேடிக் கொடுத்தார். அடித்துத் திருத்துவதை விட, கூடவே இருந்து அன்பால் தப்புக்குப் போகவிடாமல் காப்பதே மேல் என்பது அவர் முறை. அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1875-ல் முதன்முதலாகத் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1906-ல் நம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். 1991-ல் கம்போடியாவுக்குப் போய்த் தொழிற்பள்ளிகளை நடத்தத் தொடங்கினார்கள். அந்தச் சபையின் கன்னியர்கள் இளம் தொண்டர்களுக்கென்றே 1987-ல் 'விதேஸ்' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள்.

அங்கே என்ன வேலை?

பிள்ளைகள் பலர் இதைத் தவறாக எண்ணிக்கொண்டு போகிறார்கள். ஏதோ பெரிய காரியம் செய்து ஏழ்மையை ஒழித்துவிடப் போவதாக நினைக்கிறார்கள். போன மறுநாளே கையில் விளக்குமாறு வரும்! விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளைக் குளிக்கவைக்க உதவ வேண்டும். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். சட்டி பானை கழுவ வேண்டும். மாலையில் பந்து விளையாட வேண்டும். இரவில் கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுக்க வேண்டும். பாதி நாள் ஒன்றுமே செய்யாமல் ஒரு பிள்ளையின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் வேலைதான்.

இங்கே நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பட்டணத்தில் வளர்ந்து, குளிர்சாதன அறையில் படித்த பிள்ளைகளைவிட இவர்கள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். வாளித் தண்ணீரில் குளித்திருக்கிறார்கள். தம்பி தங்கையை இடுப்பில் சுமந்திருக்கிறார்கள். ஆயாக் கொட்டகையில் பத்துப் பிள்ளைகளோடு ஒன்றாய்க் கிடந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். 'சேவை செய்யும் தகுதி வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான்' என்ற எண்ணம் நம்மிடம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

பாஷைதான் கஷ்டம். ஆனால் அதிலும் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. ஆசிரியரை அவர்கள் 'க்ரூ' என்பார்கள். நம் 'குரு'வேதான் அது. வணக்கம் சொல்ல நம்மைப் போலவே இரண்டு கைகளையும் கூப்புவார்கள். தன்னைவிட மூத்தவரை, ஆணானாலும் பெண்ணானாலும், 'பொங்' என்று கூப்பிடுவார்கள். உங்கள் மகளும் அங்கே பல பிள்ளைகளுக்கு 'பொங்' ஆகிவிடுவாள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். நாம் ஆசையாகப் பிள்ளைகளின் தலையைத் தடவுவோமல்லவா? அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கேயும் சோறுதான். 'பிரஹோக்' என்று ஊறவைத்த மீன் ஒன்று உண்டு. பெலாச்சான் வாசனைக்குப் பழகிய மூக்குக்கு அது ஒன்றும் செய்யாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இனிமேல் சொல்லப் போவது சற்றுக் கசப்பானது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியே பயனில்லை.

அனாதைப் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள், வந்தால் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், கம்போடியாவில் அனாதை இல்லங்கள் பெருகின. சண்டை ஓய்ந்து அனாதைகள் குறைந்துவந்த காலத்தில் இல்லங்கள் மட்டும் கூடின! 2015-ல் அரசாங்கமும் யூனிசெஃப் அமைப்பும் கணக்கெடுத்தபோது 400-க்கும் மேற்பட்ட இல்லங்களில் 16,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். இப்படி இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது ஆராய்ச்சிகளில் தெரியவந்தது. ஏழைப் பெற்றோரிடம் "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லி வாங்கி வந்த பிள்ளைகளை, சில இல்லங்களில் வருகிறவர்கள் முன்னால் ஆடவும் பாடவும் வைத்தார்கள். 'பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்லர்' என்று 2011-லேயே அங்கே ஓர் இயக்கம் நடந்தது.

பத்து நாள் போய் ஒரு சுவருக்குச் சாயம் அடித்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணங்களை நான் அவ்வளவாக மெச்சுவதில்லை. அந்தச் சுவருக்குச் சாயம் அடிக்க உள்ளூரில் ஆள் இருக்கிறார். அவருக்கும் கூலி வேண்டும். தாயைப் பிரிந்த பிள்ளை, புதிதாக வந்த அக்காவிடம் ஒட்டிக்கொள்ளும்; பத்தாம் நாள் அக்கா போய்விடுவாள்; அடுத்த மாதம் வேறொரு அக்கா வருவாள். பிள்ளையின் மனம் என்ன ஆகும்? பார்த்துப் படித்துக்கொள்ளப் போகிறோம் என்று ஒரு குழு குறுகிய காலம் போனால் குற்றமில்லை. அதற்குச் சேவை என்று பெயர் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே உங்கள் பிள்ளையை அனுப்புகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த இல்லத்தை நடத்துவது யார்? எந்தச் சபை, எந்த மறைமாவட்டம்? பிள்ளைகள் விடுமுறைக்குச் சொந்த வீட்டுக்குப் போகிறார்களா? அங்கே நிரந்தரமாக வேலை செய்யும் கம்போடியர்கள் எத்தனை பேர்? என் மகள் திரும்பியபின் அவள் செய்த வேலையை யார் செய்வார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வந்தால் நல்ல இடம் என்று பாதி நம்பலாம். பங்குத் தந்தையிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் ஏற்பாடு நடந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தில் உலகெங்கும் பெரிய தலைகுனிவை அடைந்தது நமக்குத் தெரியும். சிறு பிள்ளைகளுக்குக் குருக்கள் செய்த கொடுமைகளும், அவற்றை மேலிடத்தில் இருந்தவர்களே மூடி மறைத்ததும் வெளியில் வந்தன. 2019-ல் போப் பிரான்சிஸ் இதைப் பற்றி உலகத் திருச்சபை முழுவதற்கும் சட்டம் இயற்றினார். ஒழுங்காக நடக்கும் அமைப்பாக இருந்தால், போகும் இளைஞரிடம் போலீஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள். ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக்கூடாது, பிள்ளைகளின் படத்தை எடுத்துக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். "என் பிள்ளையையே சந்தேகப்படுகிறார்களே" என்று கோபப்படாதீர்கள். அப்படிக் கேட்காத இடத்துக்குத்தான் அனுப்பக் கூடாது.

2022-ல் நடந்த மோசடிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமல்ல. மோசடிக்காரன் சம்பளம் தருவேன் என்பான். நாளைக்கே புறப்படு என்பான். கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வான். மிஷன்காரர்கள் சம்பளம் தரமாட்டார்கள். பெரும்பாலும் விமானச் செலவைப் பிள்ளையே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே சோறும் படுக்கையும் கிடைக்கும். புறப்படுமுன் மாதக்கணக்கில் பயிற்சிக்கு வரச் சொல்வார்கள். எக்காரணத்தைக் கொண்டும் கடப்பிதழ் உங்கள் பிள்ளையின் கையை விட்டுப் போகக்கூடாது. இதை ஒரு தடவைக்குப் பத்துத் தடவை சொல்லுங்கள். மலேசியரும் சிங்கப்பூரரும் ஒரு மாதம் வரை விசா இல்லாமல் கம்போடியாவில் தங்கலாம். அதற்கு மேல் இருப்பதானால் முறையான விசா வேண்டும். அதை அழைக்கிறவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும். 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே கூடாது.

எல்லையில் நிலைமையையும் விசாரியுங்கள். 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் பீரங்கிச் சண்டை மூண்டு, நம் புத்ராஜெயாவில் நடந்த பேச்சில்தான் சண்டை நிறுத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பட்டாம்பாங் மாநிலம் அந்த எல்லையை ஒட்டியிருக்கிறது. புறப்படும் வாரத்தில் வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பார்த்த பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும்.

பாட்டியின் கேள்வி

"எல்லாம் சரி, மதம் மாத்துறதுக்குத்தானே இவ்வளவும்?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். கம்போடிய மக்களில் மிகப் பெரும்பாலோர் புத்த மதத்தினர். கத்தோலிக்கர் மிகச் சிலர். பேராலயத்தையே இழந்த அந்தச் சிறு கூட்டம் 1990-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில்தான் மறுபடியும் வெளிப்படையாகக் கூடிப் பூசை காண முடிந்தது. அங்குள்ள இல்லங்களிலும் தொழிற்பள்ளிகளிலும் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் புத்த மதப் பிள்ளைகளே. இளம் தொண்டர்களுக்கு அங்கே பிரசங்கம் செய்யும் வேலை இல்லை. அப்படி யாராவது உங்கள் பிள்ளையிடம், இத்தனை பேரை ஞானஸ்நானத்துக்குச் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் அது நல்ல மிஷன் அல்ல என்று கத்தோலிக்கராகிய நாமே சொல்லலாம். போகிற பிள்ளை இந்துவாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அமைப்புக்கும் ஒவ்வொரு விதி.

பெண் பிள்ளையை அனுப்பலாமா என்பது அப்பாக்களின் கேள்வி. கன்னியர்கள் நடத்தும் இல்லமாகப் பார்த்து, குறைந்தது இரண்டு பெண்களாக அனுப்புங்கள். "பையன் போகட்டும், பெண் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இல்லங்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். குளிக்கவைக்கவும், மாதவிலக்கைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசவும் அவர்களுக்கு அக்காமார்கள்தான் வேண்டும்.

செலவுக்கு வீட்டு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. எஸ்.பி.எம். முடித்த கையோடு போவதைவிட, ஓராண்டு வேலை செய்து தன் டிக்கெட்டுக்குத் தானே வெள்ளி சேர்த்துக்கொண்டு போகும் பிள்ளை பக்குவமாகப் போய்வரும். வயதும் கூடியிருக்கும், கையிலும் ஏதாவது தொழில் இருக்கும். தையல் தெரிந்தவள், மின்சார வேலை தெரிந்தவன், தாதிப் படிப்புப் படித்தவள் ஆகியோருக்கே அங்கே உண்மையான தேவை. டாக்டரைப் பார்த்துத் தடுப்பூசி போட்டு, காப்புறுதியும் எடுத்துவிடுங்கள். கொசுக் கடி, வயிற்றுப்போக்கு இரண்டும் ஒரு தடவையாவது வரும்.

திரும்பி வந்த பிறகு சில வாரங்களுக்குப் பிள்ளை ஒரு மாதிரியாக இருக்கும். கல்யாண வீட்டில் இலையில் மிஞ்சும் சோற்றைப் பார்த்து முகம் சுளிக்கும். பேரங்காடிக்கு வரமாட்டேன் என்னும். யாருக்கும் வாயில் நுழையாத பெயர்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பேச விடுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அங்கிருந்து ஒரு நாள் கடிதமோ படமோ வரும். கீழே கெமர் எழுத்தில் இரண்டு வரி இருக்கும். அதை எழுத்துக் கூட்டிப் பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.